குறைமாதப் பிள்ளையைத் தாயின்ட நெஞ்சில கட்டுற துணி: எங்கட வாட்டில செய்து பார்த்தது, உங்கட அனுபவத்தையும் சொல்லுங்க

கரையோர மிஸி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். நான் அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தில ஒரு ஆஸ்பத்திரியில தாதியா இருக்கன். பிள்ளைப்பேற்று வாட்டிலயும் குறைமாதப் பிள்ளைகளின்ட பிரிவிலயும் மாறி மாறிப் பதினொரு வருஷம். ஆஸ்பத்திரியின்ட பேர் இங்க வேணாம். சொல்ல வந்தது எந்த வாட்டுக்கும் பொருந்தும்.

கங்காரு முறை கனபேருக்குத் தெரியும். தெரியாதவங்களுக்காக: நிறை குறைஞ்சு பிறந்த பிள்ளைக்குத் தொப்பி, நப்கின், காலுறை மட்டும் போட்டு, தாயின்ட ரெண்டு மார்புக்கும் நடுவில நிமிர்த்தி, கைகாலைத் தவளை மாதிரி மடிச்சு, தோலோட தோல் படவச்சுத் துணியால சேர்த்துக் கட்டுறது. தாயின்ட உடம்புச் சூடுதான் பிள்ளைக்கு இன்கியுபேட்டர். பால் மணத்துக்குப் பிள்ளை தானா வாய் தேடும். மூச்சும் ஒரு சீருக்கு வரும்.

எங்களுக்கு இருந்த பிரச்சினை முறையில இல்ல, துணியில. வாட்டில இருந்த பட்டி ஒரே அளவு. நாலு தரம் கொதிதண்ணியில போட்டதும் இழுவை போயிட்டு. சிசேரியன் செய்த தாய்க்கு அதின்ட கீழ்க்கரை காயத்தில போய் அழுத்தும். வைகாசி வெக்கையில ரெண்டு பேருக்கும் வேர்த்து ஊத்தும். எல்லாத்தையும் விடக் கூச்சம். அபாயா உடுத்த தாயாக இருந்தாலும், கவுண் போட்ட தாயாக இருந்தாலும், அந்தப் பட்டியை மாட்ட மேலுடுப்பு முழுக்கக் கழட்ட வேணும்.

ஒரு கிழமை நான் ஒரு வேலை செய்தன். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலயும் ஒரு தாள் ஒட்டினன், 24 வட்டம் கீறி. பிள்ளை நெஞ்சில இருந்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு வட்டத்தைத் தாயே பேனையால நிரப்ப வேணும். எழுத்து வாசிப்புத் தெரியாதவவும் செய்யலாம். கிழமை முடிய எல்லாத் தாளையும் ஒண்டாப் பரப்பிப் பார்த்தா, எல்லாத்திலயும் ஒரே இடம் வெள்ளையா இருக்கு. மத்தியானம் ஆக்கள் பார்க்க வாற நேரம், பின்னேரம் ஆக்கள் பார்க்க வாற நேரம். மணி அடிக்க முதலே பிள்ளையைக் கழட்டித் தொட்டில்ல போட்டுடுறாங்க. ஆக்கள் போன பிறகு திரும்பக் கட்டிவிட ஒரு மிஸி வேணும். அது மருந்து குடுக்கிற நேரம். ஒருக்காக் கழட்டினா ரெண்டு மூண்டு மணித்தியாலம் அப்பிடியே போகுது. தாய்மாருக்கு விருப்பமில்ல எண்டு நாங்க இவ்வளவு காலமும் நினைச்சது பிழை.

மறுகா, எங்கட வாட்டில வேலை செய்யிற ஒரு அக்காவும் நானும் இருந்து ஆம்பிளைகள் உடுத்துற பழைய பருத்திச் சாரத்தில ஒண்டு தைச்சுப் பார்த்தம். அவட வீட்டில மெஷின் இருக்கு. நாலு முழ நீளம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட அகலம், ரெண்டு மடிப்பு. முடிச்சு முதுகில வராது, இடது பக்க விலாவில வரும். அப்ப தாய் சாஞ்சு படுக்கலாம், தானே கட்டலாம், தானே அவிழ்க்கலாம். கீழ்க்கரை தொப்புளுக்கு மேலயே நிக்கும், காயத்தில படாது. வெளியில இன்னொரு மடிப்பு தோள்ல இருந்து தொங்கும், ஆக்கள் வந்தா இழுத்து விடுறதுக்கு. பிள்ளையின்ட முகம் மட்டும் மூடுப்படாது. மேல்க்கரையில ஒரு சிவப்பு நூல் கோடு ஓடும். அந்தக் கோடு பிள்ளையின்ட காதுக்குக் கீழ நிக்க வேணும். பிள்ளை வழுக்கிக் கீழ இறங்கினா கோடு காதை மறைக்கும். தூரத்தில நிண்டு பார்க்கிற ஆளுக்கும் விளங்கும்.

இப்ப மத்தியான வட்டங்கள் நிரம்பத் தொடங்கிட்டு. வேற இடங்களில என்ன செய்யிறீங்க? இதில பிழை ஏதும் தெரிஞ்சாலும் சொல்லுங்க. இது உசிர் சம்பந்தப்பட்ட விஷயம், மனம் நோகும் எண்டு பார்க்க வேணாம்.

வாவிக்கரை வைத்தியன் எழுதியது:

மிஸி, வட்டம் போட்ட தாளை வாசித்துவிட்டு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். துணியை விட அந்தத் தாள்தான் பெரிய காரியம் என்பது என் எண்ணம். தாய்மார் ஒத்துழைப்பதில்லை என்று நாங்கள் வாட்டுச் சுற்றில் சொல்லிவிட்டுப் போவோம். எந்த நேரத்தில், ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு மணித்தியாலமும் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குத் தருகிறேன். உலக சுகாதார நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வொன்று 2021இல் வெளியானது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் ஐந்து ஆஸ்பத்திரிகள், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த நிறை வரையுள்ள 3211 பிள்ளைகள். அதுவரை பிள்ளையின் நிலை சீரான பிறகுதான் கங்காரு முறையைத் தொடங்குவார்கள். இந்த ஆய்வில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனேயே தொடங்கினார்கள். தாயையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டு வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு நாளில் ஏறக்குறைய 17 மணித்தியாலம் நெஞ்சில் இருந்தார்கள். மற்றப் பகுதியினர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில், ஒன்றரை மணித்தியாலம் மட்டுமே. 28 நாளுக்குள் இறந்தவர்கள் முதற் பகுதியில் 12.0 வீதம், மற்றதில் 15.7 வீதம். நன்மை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் மாறியது: பிறந்த நேரத்திலிருந்தே தொடங்குங்கள், நாளில் 8 முதல் 24 மணித்தியாலம், முடிந்தளவு கூட.

ஆகவே பார்வையாளர் நேரத்தில் போகிற அந்த ஐந்தாறு மணித்தியாலம் சின்ன விஷயம் அல்ல.

இனி என் பயம். சிவப்புக் கோடு எல்லாத் தாய்க்கும் ஒரே உயரத்தில் வராது. 1.2 கிலோப் பிள்ளைக்குச் சரியாக இருப்பது 1.9 கிலோப் பிள்ளைக்குச் சரியாக இராது. கோடு சரியாக இருக்கிறது என்று நம்பிக் கழுத்தைப் பார்க்காமல் விட்டால் ஆபத்து. பிள்ளையின் நாடி, அதாவது மோவாய், அதன் நெஞ்சில் இடித்து மூச்சுக்குழாய் மடியும். பொறுப்பான வைத்திய நிபுணருக்குத் தெரியுமா? ஒட்சிசன் அளவு பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதைக் கட்டினீர்களா?

கரையோர மிஸி எழுதியது:

டொக்டர், வாட்டுப் பொறுப்பான சிஸ்டருக்கும் நிபுணருக்கும் சொல்லாமத் தொடங்கேல்ல. முதல் நாள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு பார்த்தவர். ஒட்சிசனில இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் கட்டேல்ல.

கோட்டைப் பத்தி நீங்க சொன்னது சரி, அதை நான் யோசிக்கேல்ல. நாளைக்கு அக்காவோட கதைக்கன்.

1380 கிராம் எழுதியது:

நான் மிஸியுமில்ல, டொக்டருமில்ல. மட்டக்களப்புப் பக்கம், என்ட மகன் 31 கிழமையில பிறந்தவன். என்ட பேருக்குப் பதிலா அவன்ட நிறையைத்தான் இங்க வச்சிருக்கன்.

முதல் மூண்டு நாளும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த அவனைப் பார்க்கப் போகவே எனக்குப் பயம். என்ட வயித்துக்குள்ள அவனை வச்சிருக்கத் தெரியேல்ல எண்டு நினைச்சன். ஆக்கள் வந்து "எத்தின மாசம்? அப்ப பிழைக்குமா?" எண்டு கேப்பாங்க. எட்டாம் மாசம் நிக்காது, ஏழாம் மாசம் நிக்கும் எண்டு ஒவ்வொருத்தரா வந்து சாத்திரம் சொல்லிட்டுப் போவாங்க. பார்வையாளர் நேரத்தில பிள்ளையை ஏன் கழட்டுறம் எண்டு கேட்டீங்களே மிஸி, கூச்சம் மட்டும் இல்ல. அவ்வளவு சின்னப் பிள்ளையை மத்த ஆக்களின்ட கண்ணுக்குக் காட்டப் பயம். கண்ணூறு எண்டு சொல்லுங்க, என்னவும் சொல்லுங்க. அந்த மெல்லிய காலைப் பார்த்துட்டு மாமி முகத்தைத் திருப்பினது எனக்கு இண்டைக்கும் மறக்கேல்ல.

நாலாம் நாள் ஒரு மிஸி வந்து, "மகள், பெட்டிக்கு இவன் ஆரெண்டு தெரியாது, உங்களுக்குத் தெரியும்" எண்டு சொல்லிப்போட்டு என்ட நெஞ்சில வச்சிட்டு. மூக்கில ரியூப்போட. அவன் ஒரு பெருமூச்சு விட்டான். அவ்வளவுதான். எனக்குப் பால் ஊறினது அண்டைக்குத்தான். அதுவரைக்கும் மெஷின்ல பீய்ச்சினா அடி நனையுற அளவுதான் வரும்.

அந்த மேல் மடிப்பு, தோள்ல இருந்து இழுத்து விடுறது, அது எனக்குக் கிடைச்சிருந்தா நான் ஒரு நாளும் அவனை இறக்கியிருக்க மாட்டன். அதைத் தைச்ச அக்காவுக்கு என்ட நன்றியைச் சொல்லுங்க.

இரவுக் கடமை எழுதியது:

எல்லாரும் பாராட்டுறீங்க, நானும் பாராட்டுறன். ஆனா ஒரு விஷயத்தைச் சொல்லாம இருக்க ஏலாது.

துணி ஆரின்ட காசு? தைச்ச நேரம் ஆரின்ட நேரம்? இரவில ரெண்டு மிஸி நிண்டு முழு வாட்டையும் பார்க்கிற இடத்தில, கங்காரு முறையில இருக்கிற ஒவ்வொரு பிள்ளையின்ட கழுத்தையும் நிறத்தையும் ஆர் பார்க்கிறது? தாய் நித்திரையாகிப் போனா? புதுமை எண்ட பேரில ஆள் பற்றாக்குறையை மூடக்கூடாது. "சாரத்தில தைச்சாப் போதும், பிறகென்ன பட்டி வாங்குறது, பிறகென்ன ஆள் போடுறது" எண்டு நாளைக்கு மேல இருக்கிறவங்க சொல்லுவாங்க. நான் வேலை செய்த ஒரு இடத்தில அப்பிடித்தான் நடந்தது. ஒரு மிஸி அட்டைப் பெட்டியில பால் போத்தல் வைக்கிற தட்டு ஒண்டு வடிவா அமைச்சா. மூண்டு வருஷமா அலுமாரி கேட்டுக்கொண்டு இருந்தம். அந்தத் தட்டைப் பார்த்துட்டு அலுமாரியை வெட்டிட்டாங்க.

இன்னொண்டு. அவ இடமாற்றம் கிடைச்சுப் போனா, தட்டும் போயிட்டு. ஏன் அப்பிடி அடுக்கினவ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

வாவிக்கரை வைத்தியன் எழுதியது:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கங்காரு முறை பிறந்ததே பற்றாக்குறையில்தான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மகப்பேற்று ஆஸ்பத்திரியில் ஒரே இன்கியுபேட்டரில் இரண்டு மூன்று பிள்ளைகள். கிருமித் தொற்று பரவியது, தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டும் போனார்கள். வைத்தியர் எட்கர் ரே சனாப்ரியா வேறு வழியில்லாமல் தாயின் நெஞ்சில் வைக்கச் சொன்னார். ஏழை நாட்டுக்கான மாற்று வழி என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். எல்லா வசதியும் உள்ள சுவீடனிலும் இப்போது இதையே செய்கிறார்கள். இன்கியுபேட்டர் இல்லாததால் செய்வதல்ல, தாய் இருப்பதால் செய்வது.

ஆனால் ஆள் வேண்டும். அந்த 2021 ஆய்வில் தாயுடன் கூட இன்னொருவரும் மாறி மாறிப் பிள்ளையைச் சுமந்தார்கள், தாதியர் கண்காணித்தார்கள். துணி ஆளுக்குப் பதிலாகாது. இதைக் கேட்டு எழுதும் கடிதத்தில் நானும் கையொப்பம் வைப்பேன்.

முப்பது வருஷ சேவை எழுதியது:

பிள்ளைகளே, நான் இளைப்பாறின சிஸ்டர். இரவுக் கடமைத் தங்கச்சி "ஏன் அப்படி அடுக்கினா என்று ஒருவருக்கும் தெரியாது" என்று சொன்னாவே, அதைப் பற்றித்தான் எனக்கும் சொல்ல இருக்கிறது.

தொண்ணூறுகளில் மட்டக்களப்பில் கரண்ட் இல்லாத இரவுகள் எத்தனை. இன்கியுபேட்டர் வெறும் பெட்டியாக நிற்கும். சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றிப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைப்போம். ஒரு தரம் சுற்றின துணி விலகி ஒரு பிள்ளையின் தொடை வெந்துபோனது. பிள்ளை பிழைத்தது, ஆனால் எனக்கு அந்த இரவு போகவேயில்லை. அதற்குப் பிறகு நான் போத்தலை விட்டேன். தாயை எழுப்பி, சட்டைக்குள்ளே பிள்ளையை வைத்து, மேலே சீலையால் சுற்றினேன். தாயின் உடம்பு பிள்ளையைச் சுடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம். கங்காரு என்ற சொல்லை நான் கேள்விப்பட்டது பல வருஷத்துக்குப் பிறகு. எத்தனை பிள்ளைக்குச் செய்தேன், எந்த நிறையில், காலையில் உடம்புச் சூடு எத்தனை, ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்றைக்கு இந்தப் பிள்ளை பட்டியையும் சாரத்தையும் வைத்துக்கொண்டு முதலில் இருந்து தொடங்க வேண்டி வந்திராது.

இங்கிலாந்தில் ரோச்ஃபோர்ட் என்ற இடத்து ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற சிஸ்டர் இருந்தா. 1956. வெயில் நல்லாக இருக்கிற நாட்களில் குறைமாதப் பிள்ளைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய் வைப்பா. ஒரு நாள் வைத்தியர்கள் சுற்றிவரும்போது ஒரு பிள்ளையைத் திறந்து காட்டினா. உடம்பு வெளுத்திருந்தது. ஒரு முக்கோணம் மட்டும் கடும் மஞ்சள். ஏதோ மருந்தைப் பூசியிருக்கிறா என்றுதான் வைத்தியர்கள் முதலில் நினைத்தார்கள். பூசவில்லை, அந்த இடத்தைத் துணியின் மூலை மூடியிருந்தது, மற்ற இடமெல்லாம் வெயில் பட்டு மஞ்சள் இறங்கிவிட்டது. பிறகு யன்னலோரம் வெயிலில் கிடந்த, இரத்தம் எடுத்து வைத்த சோதனைக் குழாயிலும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் குறைந்திருக்கக் கண்டார்கள். அதிலிருந்துதான் இன்றைக்கு எல்லாப் பிள்ளைப் பிரிவிலும் மஞ்சள் காமாலைக்கு எரிகிற நீல விளக்கு வந்தது. 1958இல் லான்செட் சஞ்சிகையில் கட்டுரை வந்தபோது மூன்று பேரின் பெயர் இருந்தது. சிஸ்டரின் பெயர் இல்லை.

அவவின் பெயர் நமக்குத் தெரிவது, கூட இருந்த ஒரு வைத்தியர் பின்னாளில் அதை எழுதிவைத்ததால். நம்முடைய வாட்டில் அப்படி எழுதிவைக்க யார் இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பது? நாமே எழுத வேண்டும். தைத்த அக்காவின் பெயரும் அதில் வரவேண்டும்.

நிந்தவூரான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். ஆம்பிளை ஒருத்தன் இதில எழுதலாமா எண்டு யோசிச்சிட்டுத்தான் எழுதுறன்.

எங்களுக்கு இரட்டைப் பிள்ளை. பிள்ளை பிறந்த பிறகு மனிசிக்கு ரெத்தம் நிக்கேல்ல. அவவ வேற பிரிவுக்குக் கொண்டு போயிட்டாங்க. மிஸி ஒருத்தர் வந்து, "வாப்பா, சேட்டைக் கழட்டுங்க" எண்டாங்க. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. திரைக்குப் பின்னால ஒரு சாய்வுக் கதிரை போட்டு, சின்னவரை என்ட நெஞ்சில வச்சி, என்ட சாரத்தாலதான் கட்டினாங்க. பொம்புளை வாட்டில நான் இருக்கிறது மத்த ராத்தாமாருக்குக் கஷ்டமாக இரிக்கக் கூடா எண்டு திரையை எப்பிடிப் போடுறது, எந்தக் கதவால நான் வாறது எண்டெல்லாம் அவங்க யோசிச்சி வச்சிரிந்தாங்க. அதுவும் புதுமைதானே. ஒரு கதவை மாத்தித் திறக்கிறது.

பிள்ளையின்ட வலக்காதில பாங்கு சொன்னது அந்தக் கதிரையிலதான். என்ட சத்தம் என்ட நெஞ்சாலயே அவருக்குப் போயிரிக்கும்.

மனிசிக்கு எவ்வளவு ரெத்தம் போனது எண்டு பிறகு கேட்டன், சரியாச் சொல்ல ஏலாது, பஞ்சும் விரிப்பும் பார்த்து மட்டுக்கட்டினதாம். அல்ஹம்துலில்லாஹ், இப்ப நல்லா இரிக்காங்க. அதை அளக்க வழி இல்லையா டொக்டர்?

வாவிக்கரை வைத்தியன் எழுதியது:

வழி இருக்கிறது, அது பெரும்பாலும் மருத்துவமாதர் கையில்தான் இருக்கிறது. தாயின் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வைப்பார்கள், புனல் மாதிரி ஒரு பையில் இரத்தம் சேரும். கண்ணால் மட்டுக்கட்டும்போது நாங்கள் எப்போதும் குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடம் செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. விரிப்பால் அளந்து, இரத்தப்போக்கு அளவுக்கு மேல் என்று தெரிந்த உடனே கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஒக்சிடோசின், இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம், சேலைன், காயம் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடும் இரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவைச் சிகிச்சை, அதனால் வந்த மரணம் மூன்றும் சேர்ந்து 4.3 வீதத்திலிருந்து 1.6 வீதத்துக்கு இறங்கின. வழமையான முறையில் பாதி அளவானவர்களைத்தான் கண்டுபிடித்தார்கள், விரிப்பு வைத்த இடங்களில் 93 வீதம்.

மிஸியின் வட்டத் தாளும் இந்த விரிப்பும் ஒரே சாதி.

படுவான்கரை மருத்துவமாது எழுதியது:

நான் பொதுச் சுகாதார மருத்துவமாது. ஆஸ்பத்திரியில நீங்க கட்டிவிட்ட பிள்ளை துண்டு வெட்டி வீட்ட வந்த பிறகு எங்கட கையிலதான். அதனால எனக்கு ரெண்டு கேள்வி, ஒரு வேண்டுகோள்.

முதல் பத்து நாளுக்குள்ள நாங்க வீட்டுக்குப் போவம். போனா என்ன பார்ப்பன் தெரியுமா? பிள்ளை தொட்டில்ல, தாய் வேது வச்ச களைப்பில படுத்திருப்பா, சுத்தின துணிக்குள்ள பிள்ளையின்ட கால் சில்லிட்டுப் போய் இருக்கும். "ஆஸ்பத்திரியில கட்டினீங்கதானே?" எண்டா, "அந்தத் துணியை வாட்டில திரும்பக் குடுத்திட்டம் மிஸ்" எண்டு சொல்லுவாங்க. துணியை வீட்டுக்குக் குடுத்துவிட ஏலுமா? ஏலாட்டி அளவை எழுதிக் குடுங்க. எந்த வீட்டிலயும் பழைய சாரம் இருக்கும்.

ரெண்டாவது, பிள்ளையைக் கட்டுற துணியைத் தோய்க்கிற நேரம் என்ன செய்யிறது? ஒரு ஆளுக்கு ரெண்டாவது வேணும்.

வேண்டுகோள், சிஸ்டர் எழுதினதைப் பற்றி. கோபிக்க வேணாம் சிஸ்டர். மஞ்சள் பிடிச்ச பிள்ளையைக் காலை வெயில்ல பிடிச்சாச் சரி எண்டு எங்கட பக்கத்து மூத்தம்மாமார் எல்லாரும் நம்புறாங்க. அந்தக் கதையை இங்க வாசிச்சிட்டு ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குப் போகாம முற்றத்தில குந்தினா என்ன செய்யிறது? வெயில்ல தேவையான ஒளி எவ்வளவு படுது எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. பிள்ளைக்குக் குளிரும் பிடிக்கும், சூடும் ஏறும். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள்ள மஞ்சள் வந்தா, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கினா, பிள்ளை பால் குடிக்காம மயங்கினா ஒரு நிமிஷமும் நிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. குறைமாதப் பிள்ளைக்கு இது இன்னும் அவசரம்.

எங்கட பக்கத்தில நாங்க செய்யிறதையும் சொல்லிட்டுப் போறன். ஐப்பசியிலயே ஒரு கொப்பி எடுப்பன். கார்த்திகை, மார்கழி, தையில ஆருக்கெல்லாம் பிள்ளைப்பேறு எண்டு எழுதி, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில அவட வீட்டுக்கும் பிரதான வீதிக்கும் இடையில எந்த இடம் வெள்ளத்தில மறிக்கும் எண்டு குறிப்பன். மாரி அடிச்சா எங்கட பக்கத்தில வீதிக்குப் பதிலா வள்ளம்தான். கிரான் பக்கத்துப் புலிபாய்ந்தகல் வீதி ஒவ்வொரு வருஷமும் மூழ்கிறது எல்லாருக்கும் தெரியும். சில வீடுகளுக்கு வெள்ளம் இல்ல, யானை. இரவில வீதியில இறங்க ஏலாது. இந்தப் பேர்காரருக்கு வாவிக்குக் கிழக்க, எழுவான்கரையில ஆர் சொந்தம் இருக்கு எண்டு கேட்டு வச்சு, நாள் கிட்ட வர மூண்டு கிழமைக்கு முதலே அங்க போய் இருக்கச் சொல்லுவன். போக மறுக்கிறவங்க வீட்டில புருசனோட இல்ல, பொம்புளையின்ட தாயோடதான் கதைப்பன். எங்கட பக்கத்தில வீடு தாய்வழிதானே, அவ ஓமெண்டா எல்லாரும் ஓம்.

இதை எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்ல. எனக்கு முந்தி இருந்த மருத்துவமாது செய்தவ. அவவும் எழுதி வைக்கேல்ல, கூடிக்கொண்டு திரிஞ்சதால எனக்குத் தெரியும்.

முப்பது வருஷ சேவை எழுதியது:

கோபமில்லை மகள், நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிஸ்டர் கண்டது ஒரு அறிகுறி. அதை அளந்து, எந்த நிற ஒளி, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கண்டுபிடித்த பிறகுதான் அது வைத்தியம் ஆனது.

உங்களுடைய கொப்பியை ஒரு படம் எடுத்தாவது உங்கள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொடுங்கள். 1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேல் தாய்மார் செத்தார்கள். இப்போது முப்பது அளவில். அதில் பெரும் பங்கு 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு வழியாக ஊரூராகப் போன மருத்துவமாதரின் கால்களுக்கு. அந்தக் கால்கள் கற்றதை யாரும் புத்தகமாக்கவில்லை.

பயிற்சித் தாதி எழுதியது:

நான் இன்னும் படிச்சுக்கொண்டு இருக்கன். ஒரு கேள்வி. எழுதுங்க எண்டு எல்லாரும் சொல்லுறீங்க. எங்கட மாதிரி ஆக்கள் எதை எழுதுறது, எங்க எழுதுறது? வாட்டில கூட்டத்தில வாய் திறந்தாலே "இப்பதானே வந்தனீங்கள்" எண்டுவாங்க.

வாவிக்கரை வைத்தியன் எழுதியது:

தங்கச்சி, ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்று நினைக்காதீர்கள். மிஸி செய்ததையே பாருங்கள். என்ன கண்டேன், எத்தனை தரம் கண்டேன், என்ன மாற்றினேன், மாற்றிய பிறகு அதே அளவை மறுபடி எடுத்தேனா, யாருக்கு ஏதும் தீங்கு வந்ததா. ஒரு பக்கத்தில் அடங்கும். தீங்கு பற்றிய வரியை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள், ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரியின் தர மேம்பாட்டுப் பிரிவுக்கு ஒரு பிரதி. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000களில், வேலையிடத்தை ஒழுங்காக வைத்திருக்கும் 5எஸ் முறை வேரூன்றியது வாட்டில் வேலை செய்தவர்களின் இப்படியான சின்னச் சின்ன மாற்றங்களால்தான். தாயின் பெயரும் பிள்ளையின் படமும் மட்டும் எங்கேயும் போகக்கூடாது. வட்ஸ்அப் குழுவிலும் கூடாது.

இரவுக் கடமை எழுதியது:

அந்தப் பக்கத்தில இன்னும் ஒரு வரி சேருங்க. "இதுக்கு எத்தனை மிஸி நிண்டாங்க, எவ்வளவு காசு போனது, ஆர் குடுத்தது." அது இல்லாட்டி அடுத்த வாட்டில செய்து பார்க்கிற ஆள் தோத்துப் போவா, தோத்ததுக்கு அவதான் காரணம் எண்டும் சொல்லுவாங்க.

கரையோர மிஸி எழுதியது:

ஆறு கிழமைக்குப் பிறகு வாறன். கடமை மாறினதால எழுதக் கிடைக்கேல்ல.

சிவப்புக் கோட்டைத் தையல்ல இருந்து எடுத்திட்டம். இப்ப ஒவ்வொரு தாய்க்கும் முதல் தரம் கட்டும்போது ஒரு மிஸி பிள்ளையின்ட கழுத்தை நிமிர்த்தி, நாடியைப் பார்த்து, காதின்ட இடத்தைக் கண்டு அங்க சிவப்பு நூலால ஓட்டுத் தையல் போடுவம். ரெண்டு நிமிஷ வேலை. பிள்ளை வளர நூலை உருவிட்டுத் திரும்பப் போடலாம். ஒரு நல்லதும் நடந்தது: நூல் போடுற சாட்டில ஒவ்வொரு பிள்ளையின்ட கழுத்தையும் ஒரு மிஸி கட்டாயம் பார்க்கிறா. "மூச்சு, நிறம், கழுத்து" எண்டு கட்டில் தலைமாட்டிலயும் எழுதி ஒட்டியிருக்கம், தாயோட நிக்கிற அம்மாமாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கம்.

ஒரு பிழையும் நடந்தது, மறைக்க மாட்டன். ஒரு பிள்ளைக்கு உடம்புச் சூடு 37.9 வந்திட்டு. மத்தியானம், காத்தாடி வேலை செய்யேல்ல, தாய் மேல் மடிப்பை ரெண்டாச் சுத்தியிருந்தா. அவிழ்த்து விட்டதும் இறங்கிட்டு. அதுக்குப் பிறகு மேல் மடிப்பை ஒத்தைத் துணியா மாத்தினம். நண்பகல்ல கட்டாயம் ஒரு தரம் சூடு பார்க்கிறம், 36.5க்கும் 37.5க்கும் இடையில நிக்குதா எண்டு.

நிந்தவூர் வாப்பா, உங்கட கதவுக் கதையைச் சிஸ்டருக்கு வாசிச்சுக் காட்டினன். எங்கட வாட்டில பின்கதவுத் திறப்பு எங்க எண்டு தேடுறாங்க.

படுவான்கரை மிஸ், துணியை வீட்டுக்குக் குடுத்துவிடக் காசு இன்னும் கிடைக்கேல்ல. அதனால அளவை ஒரு தாள்ல கீறி, துண்டு வெட்டும்போது கிளினிக் கொப்பிக்குள்ள வச்சு விடுறம். நாலு முழம், ஒரு முழமும் நாலு விரலும், முடிச்சு இடது விலா. ரெண்டு தைக்கச் சொல்லி எழுதியிருக்கு.

ஒரு பக்க அறிக்கையும் எழுதிக் குடுத்தாச்சு. இரவுக் கடமைத் தங்கச்சி கேட்ட வரி கடைசியில இருக்கு. தைச்சது ஆர் எண்ட இடத்தில அக்காவின்ட முழுப் பேரை எழுதினன். அவக்கு வாசிச்சுக் காட்டினன். "மிஸி, என்ட பேருக்கு முன்னால ஒரு எழுத்து விட்டுப்போச்சு" எண்டு சொல்லிப் பேனையை வாங்கித் தகப்பன்ட முதலெழுத்தை அவவே போட்டா.